சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது

தீபாவளி நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாக்லேட் பற்றித்தான். அதிலும் முந்திரி, பாதாம், வேர்க்கடலையைச் சாக்லேட்டில் முக்கி எடுக்கும் சமாச்சாரம். ஓவன் வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம் என்பதால் எல்லோரும் துணிந்து இறங்கிவிடுகிறார்கள். இறங்கிய பிறகுதான் கடிதம் வருகிறது.

ஊட்டியில் வாங்கிய பாதாம் ராக்ஸ் மாதிரி வீட்டில் செய்யலாம் என்று அரை கிலோ சாக்லேட் ஸ்லாபை உருக்கினேன். நன்றாக உருகிக்கொண்டிருந்தது, திடீரென்று களிமண் மாதிரி இறுகிவிட்டது. இளகட்டும் என்று இரண்டு ஸ்பூன் பால் விட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. அப்படியே குப்பையில் போட்டேன். எங்கே தப்பு செய்தேன்? — வாசகி, ஈரோடு

குப்பையில் போட்டதுதான் பெரிய தப்பு! மற்றதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது.

சாக்லேட் என்பது கொழுப்புக்குள் சர்க்கரைத் தூளும் கோகோத் தூளும் மிதக்கிற பண்டம். தண்ணீர் என்பதே அதில் கிட்டத்தட்டக் கிடையாது. அதில் நாலு சொட்டு ஈரம் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் சர்க்கரை டப்பா கட்டி தட்டிப்போகிறதே, அதே கதைதான். நீங்கள் பால் விட்டது அந்த ஈரத்தைக் கூட்டியதுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஸ்பூனோடு நிறுத்தாமல் 200 மில்லி சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறியிருந்தால் அந்த அரை கிலோவும் வழவழவென்று சாஸ் ஆகியிருக்கும். பாதாமின் மேல் பூச்சாக உறையாதுதான், ஆனால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம், பிரெட்டில் தடவலாம்.

சரி, முதல் சொட்டு எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாலும் ஆவி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் சாக்லேட்டை உருக்குகிறோமே, அங்கிருந்து. கீழே வைக்கும் பாத்திரத்தை விட மேல் பாத்திரம் அகலமாக இருந்து அதன் வாயை நன்றாக மூட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிவர ஆவி கிளம்பிச் சாக்லேட்டின் மேல் இறங்கும். கீழே இரண்டு விரல்கடை தண்ணீர் போதும், அது மேல் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. நான் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் மேல் பாத்திரத்தை வைப்பேன். சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தால் அந்தச் சூடே போதும். முக்கால்வாசி உருகியதும் இறக்கிக் கிளறுங்கள், மீதி தானாக உருகும். கரண்டி, கிண்ணம் எல்லாம் துடைத்தால் மட்டும் போதாது, காய்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கிளறினேன், வளையலுக்குள் தங்கியிருந்த தண்ணீர் சொட்டென்று விழுந்தது, 400 கிராமும் போயிற்று. அன்றிலிருந்து வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

கடைக்காரர் காம்பவுண்டு வாங்குங்கள் என்கிறார். வீடியோக்களில் கூவர்ச்சர்தான் அசல் என்கிறார்கள், விலையோ எங்கேயோ இருக்கிறது. எதை வாங்க? — வாசகர், சென்னை

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள், அதுவும் முதல் முறை என்றால். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். கொழுப்பு என்று கோகோ பட்டர், அதாவது கோகோ கொட்டையின் கொழுப்பு, மட்டும் போட்டிருந்தால் அசல் சாக்லேட். அந்தக் கொழுப்பு கூடுதலாக உள்ள அசல்தான் கூவர்ச்சர். தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் காம்பவுண்டு. காம்பவுண்டை உருக்கினோம், முக்கினோம், உறைந்தது என்று வேலை முடிந்துவிடும். சாப்பிடும்போது மேலண்ணத்தில் மெழுகு தடவினாற்போல் லேசாக ஒட்டும், அதுதான் அதன் குறை. குழந்தைகள் கவனிக்க மாட்டார்கள். நாம் கவனிப்போம்.

அசலை உருக்கி அப்படியே ஆறவிட்டால் மங்கலாக, சொதசொதவென்று உறையும். காரணம், கோகோ பட்டர் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும் உடைத்தால் ‘டக்’கென்ற சத்தமும் தரும். அதை வரவழைப்பதற்குத்தான் டெம்பரிங். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்கி இறக்கிவிட்டு, மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31, 32 டிகிரிக்கு இறங்கும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30. தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கத்தி முனையில் தொட்டு வையுங்கள், ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் பதம் சரி.

ஆனால் நீங்கள் சென்னை. அந்த நல்ல வகையே 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மே மாதம் ஏசி இல்லாத சமையலறையே அந்தச் சூட்டில் இருக்கும்போது எங்கிருந்து உறைவது? விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது படுக்கையறை ஏசியைப் போட்டுக்கொண்டு அங்கே கடையை விரியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு.

கடையில் வாங்கினால் பருப்பு கடக்முடக் என்று இருக்கிறது. நான் செய்தால் இரண்டே நாளில் நமத்துப்போகிறது. — வாசகி, மதுரை

வறுப்பதில் அவசரப்படுகிறீர்கள். அடி கனமான வாணலி, சின்னத் தீ, பாதாமுக்கு எட்டு முதல் பத்து நிமிடம். மேலே நிறம் மாறினால் போதாது, ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், உள்ளேயும் வெளிர் பழுப்பு வந்திருக்க வேண்டும். முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் தனியாக வறுக்கணும். வேர்க்கடலையை வறுத்துத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை வாடை அடிப்பது எதுவாக இருந்தாலும் தயங்காமல் எறியுங்கள், பூசணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.

அப்புறம் முழுக்க ஆற வேண்டும். கை பொறுக்கும் சூடு இருந்தால்கூட முக்காதீர்கள். ஆறியதும் அன்றைக்கே வேலையை முடித்துவிடுங்கள், ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போட்ட உழைப்பு வீண். 400 கிராம் சாக்லேட்டுக்கு 250 கிராம் பருப்பு என்பது என் கணக்கு. மொத்தமாகக் கலந்து இரண்டு ஸ்பூனால் பட்டர் பேப்பரில் குவியல் குவியலாக வைத்தால் ராக்ஸ் தயார்.

கருப்பட்டியைத் தூள் செய்து டார்க் சாக்லேட்டில் கலக்கலாமா? கசப்பு குறையுமே. — வாசகி, நாகர்கோவில்

நேராகக் கலக்காதீர்கள், கருப்பட்டியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். ஆனால் யோசனை அருமை. கருப்பட்டியைக் கெட்டிப் பாகாக்கி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வரும் பதத்தில், வறுத்த முந்திரியைப் போட்டுப் புரட்டி, தட்டில் தனித்தனியாகப் பிரித்து ஆறவிடுங்கள். இறுகியதும் சாக்லேட்டில் முக்குங்கள். லேசாக ஏலக்காய். எனக்கு இதுதான் தீபாவளி பட்சணத்திலேயே பிடித்தது இப்போது.

ஃப்ரிட்ஜில் வைத்ததும் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. பூஞ்சையா? — வாசகி, தஞ்சாவூர்

அனேகமாக இல்லை, சாப்பிடலாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது, உருகி மறுபடி உறைந்ததால் வருவது. சொரசொரப்பாக இருந்தால் சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் சாக்லேட்டின் மேல் வேர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளையாக நிற்கும். உறைவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜ் போதும். அதற்கு மேல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காற்றுப் புகாத டப்பா, வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது நடக்காது என்று எனக்கும் தெரியும்.

தேங்காய் எண்ணெய் சேர்த்தால் பூச்சு மெல்லிசாக வருமாமே? — வாசகர், பொள்ளாச்சி

வரும். 400 கிராமுக்கு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகுகிற சாமான், கை தாராளமானால் சாக்லேட் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

கடலை மிட்டாயைச் சாக்லேட்டில் முக்கினால்? — வாசகி, தூத்துக்குடி

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதன் தலையில் சாக்லேட்டைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்களே என்று செய்து பார்த்தேன். மில்க் சாக்லேட்டில் முக்கினால் ஒரே தித்திப்பு, வெல்லத்தின் வாசனையே அமுங்கிப்போகிறது. டார்க் சாக்லேட்டில் பாதி மட்டும் முக்கி மேலே நாலு கல் உப்பைத் தூவினால்... சரி, நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று வயதுப் பேத்திக்குக் கொடுக்கலாமா? — வாசகி, திருநெல்வேலி

முழுப் பருப்பாக வேண்டாம் அம்மா, தொண்டையில் சிக்கும். அவளுக்கென்று நாலு உருண்டை தனியாக, பருப்பை நைசாகப் பொடித்துக் கலந்து வையுங்கள், அதுவும் வேர்க்கடலையோ முந்திரியோ இதற்கு முன் சாப்பிட்டு ஒத்துக்கொண்ட பிள்ளையாக இருந்தால்தான். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும் டப்பாவிலும் உள்ளே என்ன பருப்பு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.