கடைசி நிறுத்தம் வர்க்கலா: வாசகர் கேள்வி–பதில்

நெடுந்தூரம் தனியாக பைக் ஓட்டியவர்கள் பயணத்தை எப்படி முடிப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஊரை, கேரளக் கடலோரத்து வர்க்கலாவை, குறிப்பிட்டிருப்பதால் பதில்களைச் சேர்த்தே தருகிறோம்.

லடாக்கின் லே-யில் கிளம்பி 40 நாள் ஓட்டி கன்னியாகுமரியில் முடிக்கிறேன். அங்கிருந்து நேராக வீடு திரும்புவதா, வர்க்கலாவில் தங்கிவிட்டு வருவதா? தங்கினால் எத்தனை நாள்? – கோவை வாசகர்

தங்குங்கள், ஐந்து இரவு. கன்னியாகுமரியிலிருந்து கோவை 400 கிலோமீட்டருக்கு மேல். "வீடு வந்துவிட்டது" என்ற நினைப்பில் அதை ஒரே மூச்சில் ஓட்டத் தோன்றும். 40 நாள் அலுப்பு உடம்பில் இருக்கும்போது ஆபத்தானது அந்தக் கடைசி ஓட்டம்தான். தெரிந்த சாலை என்பதால் கவனமும் தளர்ந்திருக்கும்.

கன்னியாகுமரியிலேயே ஓய்வெடுக்கலாமே என்றால், அது சூரிய உதயம் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்புகிறவர்களின் ஊர். விடியற்காலை நாலரைக்கே விடுதிக் கதவுகள் தட்டப்படும். வர்க்கலா அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். நாகர்கோவில், திருவனந்தபுரம், ஆற்றிங்கல் தாண்டி கல்லம்பலத்தில் இடதுபுறம் திரும்ப வேண்டும். திருவனந்தபுரம் நெரிசலையும் சேர்த்து நாலு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் பாறையும், அதன் உச்சியில் போகும் நடைபாதையும், கீழே பாபநாசம் கடற்கரையும்தான் வர்க்கலா. இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். சாப்பாடு, கடை, கடல், ஜனார்த்தனசாமி கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் வண்டிச் சாவியைத் தொடாமலே ஒரு வாரம் இருக்கலாம். பயணத்தை முடிக்க இப்படிப்பட்ட ஊர்தான் வேண்டும்.

பாறை ஓரத்து அறை வேண்டாம். வாடகை கூடுதல், இரவில் பாட்டுச் சத்தமும் உண்டு. தவிர, நடைபாதை வழியே வண்டி வராது. முந்நூறு, நானூறு மீட்டர் உள்ளே தள்ளி வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். காம்பவுண்டுக்குள் கூரையடியில் வண்டி நிறுத்த இடம், பக்கத்திலேயே குழாய், மாடியில் துணிக்கொடி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இரவு தங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் "ஐந்து நாளைக்கு என்ன வாடகை?" என்று கேட்டால் நியாயமாகக் குறையும்.

முதல் இரண்டு நாள் தூங்கவும் நடக்கவும் மட்டும். மூன்றாம் நாள் வண்டியைக் கவனியுங்கள். நாலாம் நாள் துணி, செலவுக் கணக்கு, படங்கள். ஹெல்மெட் உள்பஞ்சைக் கழற்றித் தலைக்குப் போடும் ஷாம்புவிலேயே அலசி நிழலில் காயவையுங்கள். கடல் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் காய இரண்டு நாள் பிடிக்கும். பையில் கிடக்கும் ரசீதுகளையும் அங்கேயே எழுதி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போனால் அவை பிரிக்கப்படாமலே கிடக்கும்.

பலர் தவறு செய்வது இரண்டாம் நாளில். சும்மா இருக்கப் பிடிக்காமல் பொன்முடி, ஜடாயுப் பாறை என்று மறுபடி வண்டியை எடுத்துவிடுவார்கள். பிறகு ஓய்வு ஏது? வெளியே போயே ஆகவேண்டும் என்றால் நாராயண குரு சமாதியுள்ள சிவகிரி பக்கம்தான், ஆட்டோ போதும். உப்பங்கழியும் கடலும் அருகருகே கிடக்கும் காப்பில் என்ற ஊர் வடக்கே, கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சுதெங்கு கோட்டை தெற்கே. இரண்டுக்கும் பஸ்ஸில் போய்வரலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி யாத்திரை நடப்பதால் அறை கிடைப்பது கடினம். ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் (அங்கே 'பலி' என்பார்கள்) கொடுக்கக் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களிலும் காலையில் அங்கே தர்ப்பணம் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், துக்கத்தோடு வந்தவர்கள் அவர்கள்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். துணைக்கு ஆள் இல்லை. கடலில் இறங்கலாமா? – நாமக்கல் வாசகி

கிணற்று நீச்சலும் ஆற்று நீச்சலும் இங்கே கைகொடுக்காது. கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய வாய்க்கால்போலத் திரும்பி உள்ளே பாயும். அதில் மாட்டினால் எவ்வளவு வலுவான நீச்சல்காரரும் கரையை நோக்கி நீந்தி நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கருத்து அமைதியாக இருந்தால் அதுதான் அந்த வாய்க்கால். பார்க்கப் பாதுகாப்பான இடம்போலத் தெரிவதால் புதியவர்கள் சரியாக அங்கேயே இறங்குவார்கள்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நின்று தண்ணீரைப் பாருங்கள். சிவப்புக் கொடி இருந்தால் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் குளியுங்கள். இழுபட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலைக் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி.

இருட்டிய பிறகு பாறை விளிம்பில் தனியாக நடக்காதீர்கள். சில இடங்களில் தடுப்பு கிடையாது. மழையில் ஊறிய விளிம்பு சரியவும் செய்யும்.

பயணம் முடிந்த அடையாளமாக முன்சக்கரத்தைக் கடல்நீரில் நனைத்துப் படம் எடுக்க ஆசை. தவறா? – சேலம் வாசகர்

வேண்டாம். உப்புநீர் சக்கர பேரிங்குக்குள் போனால் சில வாரங்களில் அது கரகரக்கும். மணலில் ஓட்டிப் பார்க்கும் ஆசை தீராவிட்டால், வாகனத்தை அனுமதிக்கும் கடற்கரையே கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் உண்டு. அங்கேயும் தண்ணீருக்குள் விடாதீர்கள்.

கடலோரம் ஒரு வாரம் நிறுத்தினால் வண்டி துருப்பிடிக்குமா? என்ன செய்யவேண்டும்? – விருதுநகர் வாசகர்

காற்றில் வரும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி காய்ந்தாற்போலத் தெரிந்தாலும் துரு நடந்துகொண்டே இருக்கும் என்பதால், துணியால் துடைத்தால் போதாது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

என்ஜின் ஆறியபின் நிழலில் நிறுத்தி, அழுத்தம் இல்லாத குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து விடுங்கள். மட்கார்டின் உள்பக்கம், நம்பர் பிளேட்டின் பின்புறம், சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் ஆகிய இடங்களில்தான் உப்பும் வழிச்சேறும் ஒட்டியிருக்கும். பிறகு இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவையுங்கள். காலையில் பிரேக் டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்புப் படலத்துக்குப் பயப்பட வேண்டாம், அதுவும் இதிலேயே போய்விடும். டிஸ்க்கின்மேல் எண்ணெய் மட்டும் படக்கூடாது.

அடுத்தது செயின். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் ஊற்றினால் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்டு, செயினின் உள்பக்கத்தில் 90 கிரேடு கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே விட்டு, வழிவதைத் துடையுங்கள். நெடுந்தூரம் ஓடிய செயின் ஒரே சீராக நீளாது. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் தொய்வைப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் அளவு இருக்குமாறு வையுங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் மறுபக்கம் விறைத்து, பேரிங்கைத் தின்னும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் ஊருக்குப் போனதும் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வெளியே தெரியும் போல்ட்டுகளில் என்ஜின் ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவு, பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாசலின். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். துணி உறை நல்லது.

வர்க்கலாவிலிருந்தே வண்டியை ரயிலில் சென்னைக்கு அனுப்ப முடியுமா? – தாம்பரம் வாசகர்

வர்க்கலா சிவகிரி நிலையத்தில் ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் வண்டியை ஏற்றுவது நடக்கிற காரியம் இல்லை. சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள கொல்லத்துக்குப் போய், அங்கிருந்தே கிளம்பும் ரயிலில் போடுங்கள். நீங்களும் அதே ரயிலில் போவதானால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடலாம். இல்லையென்றால் பார்சல். அது இடம் கிடைக்கிறபோதுதான் ஏறும், உங்களுக்குப் பின்னால் வந்தாலும் வரும்.

ஆர்.சி., அடையாள அட்டை இரண்டின் நகல்களோடு அசலும் வேண்டும். அரை நாள் முன்னதாகவே போய்விடுங்கள். டேங்கில் பெட்ரோல் சொட்டுகூட இருக்கக்கூடாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பிலிருந்து குழாயைக் கழற்றி வடிக்கலாம். எஃப்.ஐ. (மின்பம்ப் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் டேங்க் மூடி வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும் என்பதால், வர்க்கலாவில் கிளம்பும்போதே கொல்லம் வரைக்கும் போதுமான அளவு மட்டும் இருக்கட்டும். எரித்தே காலி செய்கிறேன் என்று ஓடவிட்டால் பம்ப் வறண்டு கெடும்.

பேக்கிங் ஆட்கள் பார்சல் அலுவலகத்துக்கு வெளியே இருப்பார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடிகளைக் கழற்றி, டேங்கைச் சுற்றி முதலில் பழைய போர்வை, அதற்கு மேல் சாக்கு. பெரும்பாலும் உடைவது கிளட்ச், பிரேக் லீவர்கள்தான். அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், இடிபடும்போது லீவர் சுழலுமே தவிர முறியாது. ஹேண்டில் லாக் போடாதீர்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். தள்ள முடியாத வண்டியை இழுத்துத்தான் ஏற்றுவார்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அனுப்பும் நிலையம், சேரும் நிலையம், உங்கள் போன் எண் மூன்றையும் அட்டையில் பெரிதாக எழுதி முன்னும் பின்னும் கட்டுங்கள். சாக்கு சுற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இறக்கிய பிறகு குறிப்பிட்ட நேரம் வரைதான் இலவசம். அதற்குப் பின் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், எனவே ரசீதோடு சீக்கிரம் போங்கள். பேட்டரி ஒயரை மாட்டி, லீவர் போல்ட்டுகளை இறுக்கி, பங்க் வரை தள்ளிச் செல்லுங்கள். எஃப்.ஐ. வண்டியானால் குறைந்தது இரண்டு லிட்டர் போட்டபின், சாவியை மூன்று முறை திருப்பி ஒவ்வொரு முறையும் பம்ப் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.