சாவி இறுகினால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சாவி நுழையும் உருளையான சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். வாசல் கதவின் மார்ட்டைஸ் பூட்டில் (கதவுக்குள்ளேயே பதித்திருக்கும் பூட்டு) சாவி இறுகுகிறது, கடைக்காரர் 4,500 ரூபாய்க்குப் புது செட் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடி நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு வீண்.

அதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். தடையில்லாமல் திரும்பினால் பூட்டில் குறையே இல்லை. மழைக்கு மரம் உப்பி, தாழ் நாக்கு கதவு நிலையில் இருக்கும் தகட்டில் இடிக்கிறது. எங்கள் வீட்டு வேப்பமரக் கதவு ஐப்பசி வந்தால் இப்படித்தான். நாக்கின் ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரியும். தகட்டின் ஓட்டையை அரத்தால் லேசாக ராவினால் சரியாகிவிடும்.

கதவு திறந்திருக்கும்போதும் இறுகினால்:

1. கதவின் விளிம்பில், சிலிண்டருக்கு நேராக உள்ள நீள ஸ்குரூவைக் கழற்றுங்கள். சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் வெளியே வரும்.

2. ஸ்குரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். மொத்தம் 60, 70 மி.மீ. நீளமுள்ளவை எளிதில் கிடைக்கும். பழையதையே கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

புதுச் சிலிண்டர் வெளித்தகட்டை விட்டு 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் திருடர்கள் பிடித்து முறித்துவிடுவார்கள். விலையைவிட இதைத்தான் முதலில் பாருங்கள்.

உங்களுடையது நீளத் தண்டின் நுனியில் பல் வைத்த பழைய வகைச் சாவி என்றால் இது பொருந்தாது. அதில் தனிச் சிலிண்டர் கிடையாது.