அழுத்தினால் வலி போகுமா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: தலைவலிக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்தச் சொல்கிறார்கள். நிஜமா, பிரமையா?

பதில்: கொஞ்சம் நிஜம்தான், நம்பிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாக அங்கே போய் அழுத்தித் தேய்க்கிறது இல்லையா? தொடுதலைச் சுமக்கும் நரம்பிழைகள் தடிமன், வேகமும் அதிகம். வலியைச் சுமப்பவை மெலிசு, மெதுவாகத்தான் வரும். இரண்டும் போய்ச் சேருகிற தண்டுவடத்தில் கதவு மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது, அழுத்தம் அதைப் பாதி சாத்திவிடுகிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் சொன்னார்கள். நுணுக்கங்கள் பிறகு மாறினாலும் அடிப்படை நிற்கிறது.

இரண்டு விரல்களையும் ஒட்டினால் ஒரு மேடு புடைக்கும். அதன் உச்சியில் மறுகைப் பெருவிரலை வைத்து, விரல்களைத் தளர்த்திவிட்டு, சுட்டுவிரல் எலும்புப் பக்கமாகச் சாய்த்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். மந்தமாக வலித்தால் சரியான இடம். நகம் பதிய அழுத்த வேண்டாம். கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடுவதில்லை என்பது வழக்கம். ஆதாரம் பலமில்லை, ஆனாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் குமட்டலுக்கு?

பதில்: உள்ளங்கைப் பக்கத்து மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கம் மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலில் நிறையச் சோதித்த இடம் இது, செய்து பாருங்கள்.

கேள்வி: நரம்பையே அழுத்திப் பிடித்தால் மொத்தமாக மரத்துவிடுமே, அது இன்னும் நல்லதல்லவா?

பதில்: மரக்கும், உண்மைதான். மயக்க மருந்து இல்லாத காலத்தில், 1784-ல், ஜேம்ஸ் மூர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தொடை நரம்புகளைத் திருகுக் கவ்வியால் இறுக்கினார், அப்புறம் காலையே வெட்டி எடுக்கும் அளவுக்கு மரத்தது. வீட்டில் அந்த வேலை வேண்டாம். நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டு இரவெல்லாம் தூங்கிய ஒருவர் என்னிடம் வந்தார்; மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது, குணமாக ஆறு வாரம் ஆனது. மரத்தாலோ சுரீரென்றாலோ உடனே கையை எடுங்கள்.

கேள்வி: மாமனாருக்கு நெஞ்சு அடைத்து இடது கை வலிக்கிறதாம். எங்கே அழுத்துவது?

பதில்: எங்கேயும் இல்லை. வர்மத்தில் 108 புள்ளி என்பார்கள், இந்த வலிக்கு 108 போன் நம்பர். முதலில் கூப்பிடுங்கள், அவரை நடக்க விடாதீர்கள்.