புலம்பெயர்ந்தோரும் புராஸ்டேட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் குறைவு என்றும், அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரிடம் அது கூடியது என்றும் படித்தேன். அப்படியானால் ஊர்ச் சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டால் தப்பிக்கலாமா? வைட்டமின் ஈ மாத்திரை நல்லதா? எனக்கு 58 வயது. இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன், இங்குள்ள குளிர் காரணமாக இருக்கலாம்.

ஆர்., ஹாரோ, லண்டன்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது சரிதான். ஹேன்செலும் குரிஹாராவும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு அது. குடியேறிய ஜப்பானியரிடம் இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது, குடலிலும் புராஸ்டேட்டிலும் கூடியது. பரம்பரை மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. அதற்காக எல்லாவற்றையும் சாப்பாட்டின் தலையில் கட்டிவிட முடியுமா? தேடத் தேடக் கிடைக்கும் நோய் இது. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பரவியதும் அமெரிக்காவில் நோயாளிகளின் எண்ணிக்கை 1992 வரை விறுவிறுவென ஏறியது, பிறகு இறங்கியது. அந்தச் சில வருஷங்களில் அங்கே யாருடைய தட்டும் மாறிவிடவில்லை.

வைட்டமின் ஈ வேண்டாம். 35,000 ஆண்களுக்கு மேல் கலந்துகொண்ட ‘செலக்ட்’ என்ற ஆய்வில், அந்த மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் கூடியிருந்தது 2011-இல் தெரியவந்தது.

அதெல்லாம் இருக்கட்டும். ஜப்பானியருக்கு இவ்வளவு இடம் கொடுத்த நீங்கள், உங்கள் உடம்புக்கு ஒரு வரி கொடுத்து அதையும் குளிரோடு முடித்துவிட்டீர்களே! எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் சித்தப்பாவும் இப்படித்தான். வெளியூர்ப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். பேருந்தில் ஏறியதும் அடுத்து எங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்பார். வீட்டில் மருமகள் வந்தபிறகு, இரவில் குளியலறைக் கதவுச் சத்தம் கேட்கக் கூடாதென்று கொல்லைப்பக்கம் போவார். இடுப்பு வலித்தபோது வாயுப் பிடிப்பு என்றார். சித்தி மாதக்கணக்கில் தைலம் தேய்த்தாள். அது எலும்புக்குப் பரவிய புற்றுநோய். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அவர் என்னிடம் கேட்டது, "பிள்ளைகளுக்கு எந்த இடம்னு சொல்லிட்டீங்களா?" என்றுதான். அந்த மனிதரின் வெட்கத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தில் வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுவது வெள்ளையரில் 8 பேரில் ஒருவருக்கு, கறுப்பினத்தவரில் 4 பேரில் ஒருவருக்கு, ஆசியரில் 13 பேரில் ஒருவருக்கு என்று ஒரு கணக்கு உண்டு. நமக்குக் குறைவுதானே என்று சாய்ந்து உட்காராதீர்கள். கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் 13 பேர் உட்காருவார்கள்.

பயப்படவும் வேண்டாம். இரவில் எழுவதற்குப் பெரும்பாலும் வயதில் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான் காரணம், சர்க்கரையாகவும் இருக்கலாம். புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 50 தாண்டிய ஆண் கேட்டால் உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்) சாதக பாதகங்களைச் சொல்லி பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு எழுதித் தருவார், செலவில்லை. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அந்த எண் ஏறும், அதனால் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இடிந்துபோக வேண்டாம். நாளைக் காலையிலேயே போன் போடுங்கள். போவதற்கு முன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.