காட்டுக்குயிலும் டைனமோவும் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். கனடாவில் ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் காரில் ஒரு ஆங்கிலப் பாட்டுப் போட்டாள். அதற்குள் ‘காட்டுக்குயிலு’ கேட்டது. எனக்குக் கை ஓடவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். “இது எங்கட பாட்டு” என்றேன். “இல்லையம்மா, இது எம்.ஐ.ஏ.ன்ட பாட்டு” என்றாள்.

‘தளபதி’ வந்த வருசம் நான் யாழ்ப்பாணத்தில் ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, தம்பி பெடலைச் சுற்றச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேடியோவில் கேட்ட பாட்டு அது. அதை இப்படித் துண்டு துண்டாக வெட்டி இன்னொருவர் பெயரில் கேட்க மனம் ஒப்பவில்லை. ரீமிக்ஸ் என்றாலே எனக்குக் கோபம்தான் வரும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் செய்கிற இந்த மாதிரிப் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது ஏதும் உண்டா? இருந்தால் ஏன் பிடிக்கும் என்று எழுதுங்கள்.

பெயர் போட வேண்டாம்.
ஸ்கார்பரோ

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தம்பி பெடல் சுற்றுவதை நிறுத்தினால் இளையராஜாவும் நின்றுவிடுவார் என்ற நிலையில் ஒரு பாட்டைக் கேட்டவருக்கு, அதை யாராவது வெட்டி ஒட்டினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் போட்டது ‘பேம்பூ பாங்கா’. 2007இல் வந்த ‘கலா’ ஆல்பத்தின் முதல் பாட்டு. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர், கைக்குழந்தையாக இலங்கைக்குப் போனவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1986இல் மறுபடி லண்டனுக்கு அகதியாக வந்தவர். ‘தளபதி’ வெளியானது 1991 தீபாவளிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்குப் பதினாறு வயது. நீங்கள் ஓ.எல். எழுதிய அதே வயது. நீங்கள் டைனமோ சுற்றிக் கேட்ட பாட்டு, சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போன இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் சொந்தமாகத்தானே இருக்கும்? பதினாறு வருடம் கழித்து அவர் தன் ஆல்பத்தின் வாசலில் கொண்டுவந்து வைத்தது அதைத்தான். அந்த ஆல்பத்தின் பெயர் அவருடைய அம்மாவின் பெயர்.

அதே ஆல்பத்தில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதையும் மகளிடம் கேட்டு வாங்கிக் கேளுங்கள். ‘ஜெயம்’ படத்தின் ‘திருவிழான்னு வந்தா’ பாட்டிலிருந்து ஒரு துண்டு அதற்குள் இருக்கிறது. அதைவிட முக்கியம், உருமி. சென்னைக்கு வந்து நம் மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் உருமிக்காரருக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு பக்கத் தோலை நேர்க்குச்சியால் அடிப்பார். இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தி இழுப்பார். அந்த இழுப்பில்தான் உறுமல் வரும். நெஞ்சுக்குள் யாரோ விரலை வைத்துத் தேய்ப்பது போல இருக்கும். சாமி வருகிறவர்களுக்கு அந்த இழுப்பில்தான் முதலில் தோள் குலுங்கும். அந்தச் சத்தத்தை ஹெட்போனில், லண்டன் பெண் ஒருவரின் பாட்டுக்குள் முதல் தடவை கேட்டபோது நானும் உங்களைப் போலத்தான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம். நம் சினிமாவே உருமியை ஏதாவது குத்துப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிடும். இவர் அதைப் பாட்டின் முதுகெலும்பாக வைத்திருந்தார்.

சரி, உங்கள் கோபத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் ‘அடிக்டிவ்’ என்று ஒரு பாட்டு பெரிய ஹிட் ஆனது. அதில் விடாமல் ஓடும் பெண்குரல் லதா மங்கேஷ்கர். 1981இல் வந்த ‘ஜோதி’ என்ற இந்திப் படத்தின் பாட்டு, இசை பப்பி லஹிரி. ஆல்பத்தில் அவர் பெயரே இல்லை. வழக்குப் போட்டார்கள். பெயர் போடாமல் இனி விற்கக் கூடாது என்று 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தப் பாட்டைச் செய்தவர்களுக்கு லதாவின் குரல் ஒரு நல்ல சத்தம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். எம்.ஐ.ஏ. ஆல்பத்தில் எந்தப் படம், எந்தப் பாட்டு என்று எழுதியே இருக்கிறது.

ஒரு பழைய பாட்டைத் திருப்பி எடுக்கிறவர் அதை வீட்டில் கேட்டு வளர்ந்தவரா, கடையில் எடுத்தவரா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். நான் பார்ப்பது அது ஒன்றைத்தான். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் பழைய பாட்டுக்கு அடியில் ‘தம் தம்’ என்று ஒரு தட்டு வைத்து, நடுவில் யாராவது இங்கிலீஷில் இரண்டு வரி கத்தி, ரீமிக்ஸ் என்று விற்றார்கள். அவை எனக்கும் ஆகாது.

இனி மற்ற பாட்டுகள். ‘முண்டியான் தோ பச் கே’ உங்கள் காதிலும் எங்காவது விழுந்திருக்கும், கனடாவில் கல்யாண மண்டபங்களில் அதற்குத் தப்ப முடியாது. செய்தவர் இங்கிலாந்தில் கோவென்ட்ரியைச் சேர்ந்த பஞ்சாபி எம்.சி., பாடியவர் லாப் ஜஞ்சுவா. தொடக்கத்தில் ‘டிங் டிங்’ என்று கேட்பது தும்பி. சின்னச் சுரைக் குடுவை மாதிரி ஒரு வாத்தியம், ஒரே ஒரு தந்தி, ஆள்காட்டி விரலால் சுண்டுவார்கள். பஞ்சாப் கிராமத்துப் பாட்டுக்காரர்களின் சொத்து. அதற்கு அடியில் போகும் பேஸ், ‘நைட் ரைடர்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் இசை. அதை முதலில் பஸ்டா ரைம்ஸ் என்ற ராப் பாடகர் எடுத்தாண்டிருந்தார், அவரிடமிருந்து இவர் எடுத்தார். ஒரு பக்கம் அப்பாவின் கேசட், இன்னொரு பக்கம் டிவியும் தெருவும். இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு பஞ்சாபிப் பையனின் வீட்டு ஹால் அப்படியே அந்தப் பாட்டில் இருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு நடந்ததும் ஒரு கதை. 1998இலேயே வந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து ஜெர்மனியில் திடீரென்று தீப்பிடித்தது. 2003 ஜனவரியில் பிரிட்டன் தரவரிசையில் ஐந்தாம் இடம். ஒரு வரிகூட ஆங்கிலம் கிடையாது! வயசுக்கு வந்த பெண்ணிடம் ‘பசங்களிடம் பார்த்து நடந்துகொள்’ என்று சொல்கிற, கிராமத்துக் கல்யாணத்தில் பாடும் மாதிரியான பாட்டு. அதே வருடம் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸி வந்து தன் வரிகளைச் சேர்த்து ஒரு ரீமிக்ஸ் செய்தார். அவர் பெரிய ஆள்தான், ஆனாலும் என் ஓட்டு ஜஞ்சுவா தனியாகப் பாடியதற்கே. அந்தத் தொண்டைக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் தேவைப்படவில்லை.

இதற்கு முன்னால் ஒரு தலைமுறை இருந்தது. 1980களில் இங்கிலாந்தில் பட்டப்பகலில் பாங்ரா நடனக் கூட்டங்கள் நடக்கும். ‘டே டைமர்’ என்பார்கள். ராத்திரி வெளியே விடமாட்டார்கள் என்பதால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போய் ஆடிவிட்டு, சாயங்காலம் நல்ல பிள்ளையாக வீடு திரும்புவார்கள். சவுத்தாலின் ‘அலாப்’ குழுவெல்லாம் அந்தக் காலத்து ராஜாக்கள். அப்பா அம்மா ஊரின் பாட்டுக்கு ஆடுவதற்கே அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் போக வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பாசம் பொங்கும்.

அப்புறம் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’. ஆஷா போஸ்லேயைக் கொண்டாடி கார்னர்ஷாப் என்ற பிரிட்டிஷ் குழு செய்த பாட்டு, எழுதிப் பாடியவர் ஜிந்தர் சிங். 1997இல் வந்தபோது அறுபதாவது இடத்தோடு நின்றது. நார்மன் குக் என்ற டி.ஜே. அதை வேகப்படுத்தி ரீமிக்ஸ் செய்தார், 1998 பிப்ரவரியில் முதலிடம். உலகம் ஆடியது வேகமான பாட்டுக்கு. நான் திரும்பத் திரும்பக் கேட்பது மெதுவான முதல் பாட்டை. சின்ன இசைத்தட்டு ஒன்றை முள்ளுக்கு அடியில் வைத்துவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் அதில் இருக்கிறான். உங்கள் டைனமோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு அவனைச் சட்டென்று அடையாளம் தெரியும். ரீமிக்ஸ் இல்லாவிட்டால் அந்த மெதுவான பாட்டு எனக்கு வந்து சேர்ந்தே இருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

தமிழில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மலேசியாவிலிருந்து வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘மடை திறந்து’, 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் வந்தது. மூலம் 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி.பி. பாடியது, இசைக் கனவோடு திரியும் ஒரு வாலிபனின் பாட்டு. மலேசியப் பையன்கள் ராப் பாட வந்தபோது, ஆயிரம் ராஜா பாட்டுகளில் இதைத் தேடி எடுத்தார்கள். அவர்கள் கதையும் அதுதான்.

2007 வாக்கில் ஒரு நாள் வடபழனியிலிருந்து தி.நகருக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர். இந்தப் பாட்டு வந்தது. எனக்கு எதிரில் இருந்த காலேஜ் பையன் ராப் வரிகளை ஒரு சொல் விடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான். மூச்சு வாங்கவில்லை. டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ராப் போகும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெட்டு வந்த இடத்தில் அவர் விரல் ஹேண்டில் பாரில் தாளம் போடத் தொடங்கியது. அவர் காதில் 1980 ஓடிக்கொண்டிருந்தது, பையன் காதில் மலேசியா. இறங்கும்போது பையன் “ரிமிக்ஸ் சூப்பர்ல அண்ணே?” என்றான். டிரைவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, “பாட்டே சூப்பர்டா” என்றார்.

உங்கள் ஊர் டொரன்டோவில் நடப்பதை நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல ஆகும். இருந்தாலும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரன்டோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கம் வாசிக்கும் யாஞ்சனோடு சேர்ந்து செய்த ‘மிருதங்கம் ராப்ஸ்’ வரிசையைக் கேட்டிருக்கிறீர்களா? மிருதங்கத்தில் சொல் விழுகிற இடத்திலேயே ராப் வார்த்தையும் விழும். உங்கள் வீட்டில் யாராவது அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் பழகியிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் தானாகக் கை தட்டுவார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஈழத்துப் பெண் பிரியா ரகுவின் பாட்டுகளும் பிடிக்கும். இசையமைப்பது அவருடைய சகோதரர். ‘குட் லவ் 2.0’ என்ற பாட்டை ராத்திரி வேலை முடித்துக் காரில் வரும்போது கேளுங்கள்.

மகளிடம் ‘இது எங்கட பாட்டு’ என்று சொன்னதில் தப்பே இல்லை. அவள் சொன்னதும் சரி. அடுத்த சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போகும்போது அவளே ‘பேம்பூ பாங்கா’வைப் போடட்டும், முழுசாகக் கேளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். திரும்பி வரும்போது ஜேசுதாஸும் எஸ்.பி.பி.யும் பாடிய ‘காட்டுக்குயிலு’வை நீங்கள் போடுங்கள். கவிழ்த்துப் போட்ட சைக்கிளையும், பெடல் சுற்றிச் சுற்றித் தம்பிக்குக் கை வலித்ததையும் அப்போது சொல்லுங்கள். கடிதத்தில் எனக்குச் சொன்னதை இதுவரை அவளிடம் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்