உபுண்டுவில் இடம் போதவில்லை: புது எஸ்எஸ்டி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 11, உபுண்டு (லினக்ஸ்) என்று இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. சேமிப்புக்கு மொத்தம் 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். உபுண்டுவுக்கு ஒதுக்கியது 30 ஜிபிதான். இப்போது இடமில்லை என்று எச்சரிக்கை வருகிறது, அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால், 1 டிபி எஸ்எஸ்டி மாற்றி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 'எல்லாவற்றையும் புதிதாக' என்றால் உங்கள் உபுண்டுவும் அதில் சேர்த்தியா என்று கேட்டீர்களா? விண்டோஸை மட்டும் போட்டுக் கையில் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு.

இடத்தை எது தின்கிறது என்று முதலில் பாருங்கள். உபுண்டுவில் 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற செயலி அதை வட்டப் படமாகவே காட்டிவிடும். பெரும்பாலும் 'வார்' (/var) கோப்புறைதான் வீங்கியிருக்கும். கட்டளை தட்டும் 'டெர்மினல்' செயலியில் 'சுடோ ஆப்ட் கிளீன்' (sudo apt clean) கொடுத்தால், இறக்கி வைத்த நிறுவல் கோப்புகள் போகும். நிறுவிய செயலிகளுக்கு ஒன்றும் ஆகாது. 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' (sudo apt autoremove) பழைய கெர்னல்களை, அதாவது இயங்குதள மையத்தின் பழைய பதிப்புகளை, நீக்கும். 'பூட்' (/boot) கோப்புறைக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள், அப்புறம் கணினி எழும்பாது. ஃபயர்பாக்ஸ் போன்ற, 'ஸ்னாப்' என்ற பொதி வடிவில் வரும் செயலிகள் ஒவ்வொன்றும் தன் பழைய பதிப்பையும் வைத்துக்கொண்டிருக்கும். டெர்மினலில் 'ஸ்னாப் லிஸ்ட்' பட்டியலை முழுதாகக் காட்டச் சொன்னால் (snap list --all), 'டிஸேபிள்ட்' (disabled) என்று குறித்த பழைய பதிப்புகள் தெரியும், அவற்றை மட்டும் நீக்கலாம். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

இதில் சில ஜிபி மிஞ்சும், அப்டேட் ஓடும். ஆனாலும் உபுண்டு டெஸ்க்டாப்புக்குப் பரிந்துரைக்கும் இடமே 25 ஜிபி. அதனால் 30 என்பது என்றைக்கும் இழுபறிதான். மீதி 200 ஜிபிக்கு மேல் விண்டோஸ் பக்கம் இருக்கிறதே, அங்கே காலியிடம் இருந்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் 'பிட்லாக்கர்' இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். விண்டோஸை முழுதாக அணைக்காமல் வேகமாக எழுப்பும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணையுங்கள். விண்டோஸ் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டிலேயே செய்வது நல்லது. அப்படிக் கிடைக்கும் காலியிடம் பெரும்பாலும் உபுண்டுவுக்கு முன்னால்தான் விழும். அதைச் சேர்க்க, பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி 'ஜிபார்ட்டட்' என்ற டிஸ்க் பிரிக்கும் செயலி மூலம் உபுண்டு பகுதி முழுவதையும் நகர்த்த வேண்டும். நேரம் பிடிக்கும், நடுவில் சார்ஜ் தீர்ந்தால் வம்பு. நானாக இருந்தால் நகர்த்தவே மாட்டேன். அந்த இடத்தில் தனிப் பகுதி ஒன்றை உருவாக்கி, படங்களையும் டவுன்லோடுகளையும் அங்கே தள்ளிவிடுவேன்.

விண்டோஸ் பக்கமும் நிரம்பி வழிகிறது என்றால் சரி, வாங்கலாம். லோ யாட் பிளாசா கணினிக் கடைகளுக்குப் போகிறீர்கள் என்றால் மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கையில் வைத்திருங்கள். மடிக்கணினிகளில் செருகும் மெல்லிய பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா (SATA), என்விஎம்இ (NVMe) என்று இரு வகை. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். காலியாக இரண்டாவது எம்.2 இடம் இருந்தால், பழையதைக் கழற்றாமல் உபுண்டுவைப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால், புதிதாக நிறுவ வேண்டாம், பழையதில் உள்ளதை அப்படியே முழு நகலாகக் குளோன் செய்து தாருங்கள் என்று கேளுங்கள். கழற்றிய எஸ்எஸ்டியைக் கடையில் விட்டுவிடாதீர்கள். உங்கள் தகவல் முழுக்க அதில்தான் இருக்கிறது. யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் வெளி டிஸ்க்காகவும் ஆகும்.