தட்டு வரையத் தெரிந்த பிள்ளைகளும் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும்

உடற்பருமன் இவ்வளவு பரவியதற்கு மக்களின் அறியாமைதான் காரணமா, பள்ளியிலேயே ஊட்டச்சத்துக் கல்வி கொடுத்தால் இது குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஐம்பத்து நான்காம் வயதில் 168 செ.மீ. உயரத்துக்கு 84 கிலோ எடையும், 102 செ.மீ. இடுப்புச் சுற்றளவும், போதாக்குறைக்குச் சர்க்கரை நோயும் வைத்துக்கொண்டு அதே பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் அதைவிடக் கூடுதல் தகுதி உண்டு. எனக்குத் தெரியாததால் நான் பருக்கவில்லை. கரும்பலகையில் சரிவிகித உணவை வரைந்துவிட்டு வீட்டுக்குப் போய் வேறொன்றைச் சாப்பிட்டுத்தான் பருத்தேன்.

முதலில் நிலைமையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல் நிறை எண் (கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், அதாவது எடை மிகுந்தவர்கள், 2015-16 ஆய்வில் 30.9 விழுக்காடாக இருந்து, 2019-21 ஆய்வில் 40.4 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஆண்களில் அது 28.2-லிருந்து 37.0 ஆனது. அதே 2019-21 ஆய்வில் இந்தியப் பெண்களின் சராசரி 24.0 விழுக்காடுதான். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண் இருக்கிறது: அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நூறு பெண்களில் நாற்பது பேர் எடை மிகுந்தும் ஐம்பத்து மூன்று பேர் இரத்தம் குறைந்தும் இருக்கிறார்கள் என்றால், இரண்டும் ஒரே உடலில் இருக்கும் பெண்களும் பலர் இருக்கக்கூடும். இவர்கள் அதிகமாகச் சாப்பிட்டுக் கெட்டார்கள் என்று சொல்வது பாதி உண்மைகூட ஆகாது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

நாங்கள் கற்பித்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். மாலைக்கண், பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் என்று குறைபாட்டு நோய்களின் அட்டவணை ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்தப் பாடம் பசிக்காலத்துக்காக எழுதப்பட்டது. அந்தக் காலத்துக்கு அது சரியாகவும் இருந்தது. 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் குழந்தையை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போகிறதா என்று தாய்க்குக் காட்டினார்கள். கோடு படுத்தால் கவலை, எழுந்தால் மகிழ்ச்சி. உலகம் பாராட்டிய ஊட்டச்சத்துக் கல்வி அது. ஆனால் எடை ஏறுவது நல்லது என்ற பாடம் ஊருக்குள் ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததோடு சேர்ந்துகொண்டது. மெலிந்தவனைப் பார்த்தால் "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்கிறோம், பெண்ணுக்குக் கொஞ்சம் சதை போட்டால் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்கிறோம். நான் ஆறு கிலோ குறைத்தபோது என்னைப் பார்த்த உறவினர்களில் பாதிப் பேர் என்ன நோய் என்று என் மனைவியிடம் தனியாக விசாரித்தார்கள்.

காரணங்களுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய், சைக்கிள் போன இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து, தண்ணீர் குழாயில் வந்தபின்பும், தட்டின் அளவு மட்டும் ஏர் ஓட்டியவனின் தட்டாகவே இருக்கிறது. உடனே சிலர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்துவிடுவார்கள். மிக்ஸி வந்ததால் பெண்கள் பருத்தார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் ஆண்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அம்மி அரைத்த கைகளின் வலி தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். போன உழைப்பு போகட்டும், அதற்குப் பதிலாக நடக்க ஒரு தெருவும் அதற்கான நேரமும் பெண்களுக்கு இருக்கின்றனவா என்று கேட்பதே நியாயமான கேள்வி. விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் என்னைப்போன்ற ஓய்வூதியக்காரர்கள்தாம்.

ரேஷன் அரிசியின்மேல் பழி போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி நால்வர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்றால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம், அதாவது சுமார் 580 கிலோ கலோரி. பட்டினியை ஒழித்த அந்த அரிசியால் யாரும் பருக்க முடியாது. அரிசிக்கு அரசு இருக்கிறது, காய்க்கு யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கிலோ கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று இருக்கிறது. நால்வருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய். கிலோ சராசரியாக ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 80 ரூபாய், மாதம் 2,400 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? எனவே சோறு மலைபோலவும் குழம்பு அதன்மேல் மழைபோலவும் பொரியல் ஓரத்தில் ஒரு சிட்டிகையுமாகத் தட்டு அமைந்துவிடுகிறது.

சோற்றைவிட எண்ணெயைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். என் சிறுவயதில் எண்ணெய்க் கடையில் கிண்ணத்தைக் கொடுத்து நூறு மில்லி, இருநூறு மில்லி என்று வாங்கினோம். பலகாரம் சுடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான். 1990-களின் நடுவில் பாமாயில் இறக்குமதி தளர்த்தப்பட்டபின் எண்ணெய் மலிந்தது. பின்னர் ரேஷனிலும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வந்தது. ஏழை வீட்டுக்கும் வடையும் அப்பளமும் எட்டியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கிலோ கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் நான்கு என்ற அந்த ஒரே வரியை மதிப்பெண்ணுக்காக மட்டுமே நடத்தினோம், அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை.

பொட்டலத் தீனி இதற்கெல்லாம் மேலே வந்து உட்கார்ந்தது. ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பதினோராம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன்: முதல் நாள் மாலை நான்கு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை வாயில் போட்டதை எல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டும். சரிவிகித உணவுத் தட்டைப் பிழையில்லாமல் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த அதே பிள்ளைகள், டீ, பஜ்ஜி, சிப்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம் என்று பக்கத்தை நிரப்பியிருந்தார்கள். ஒரு மாணவியிடம் பழம் வாங்கித் தின்னக்கூடாதா என்று கேட்டேன். "சார், பத்து ரூபாய்க்கு ஒரு வாழைப்பழம்தான் வரும். அதே காசுக்கு இரண்டு பாக்கெட் வாங்கினால் தம்பிக்கும் ஆகும்" என்றாள். அவளுடைய கணக்கில் ஒரு தவறும் இல்லை. பள்ளி வாயிலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எங்கள் வாயிலிலிருந்து கடை இருபது அடி.

இந்தப் பொட்டலங்கள் மன உறுதியைச் சோதிப்பவை என்று சொல்வதுகூடப் போதாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இருபது பேரை நான்கு வாரம் அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். அந்த இருபது பேருக்கும் இடையில் எவரும் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தவில்லை.

நம் உடலின் தனித்தன்மை ஒன்றும் உண்டு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் காட்டியதுபோல், நம் குழந்தைகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிடக் குறைந்த எடையில் பிறந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பளவில் அதிகமாகவும் கொண்டு பிறக்கிறார்கள். அதனால்தான் நமக்கு உடல் நிறை எண் 25 என்பதே பருமனாகவும், 23-க்கு மேல் மிகை எடையாகவும் கொள்ளப்படுகிறது; ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் போகும் நம் ஊர் உடலுக்குத் தராசைவிட அளவு நாடாதான் உண்மை சொல்லும்.

அப்படியானால் கல்வியால் பயனே இல்லையா? தனியாக விட்டால் பயன் மிகக் குறைவு என்பேன். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் நூறு மில்லிக்கு ஐந்து கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி வந்தது. அறிவிப்பு 2016-லேயே வந்துவிட்டதால் வரி தொடங்கும் முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடித்தவர்களின் அறிவு வளரவில்லை, பானம் மாறியது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ கொழுப்போ உப்போ மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். நம் நாட்டில் 2022 வரைவில் முன்மொழிந்த, பொட்டலத்தின் முகப்பில் நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் குறியீட்டை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் கிரீம் பிஸ்கட்டுக்கு ஒன்றரை நட்சத்திரம் என்றாலும் பிள்ளைகள் அதைப் பரிசாகத்தான் பார்ப்பார்கள்.

கல்வி உண்மையாகவே வேலை செய்யும் இடம் என்று நான் கருதுவது ஜப்பானின் பள்ளி மதிய உணவு. 1954-இல் பள்ளி உணவுக்கென்று சட்டம், 2005-இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம், அதே ஆண்டு முதல் பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவி. பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து தாங்களே பரிமாறி, ஆசிரியரும் உடன் அமர்ந்து வகுப்பறையிலேயே சாப்பிடுகிறார்கள். அன்றைய தட்டுதான் அன்றைய பாடம். நம்மிடமும் 1956-லிருந்து மதிய உணவு இருக்கிறது, 1982-இல் சத்துணவாக விரிந்தது, முட்டையும் வந்தது. ஆனால் நான் வேலை பார்த்த பள்ளிகளில் உயிரியல் ஆசிரியரும் சத்துணவு அமைப்பாளரும் வேலை நிமித்தமாக ஒரு முறைகூடப் பேசிக்கொண்டதில்லை; நான் புரதம் நடத்திய அறைக்கு முப்பது அடி தள்ளி முட்டை வெந்துகொண்டிருந்தது.

என் வீட்டில் பயன்பட்ட ஒரே பாடத்தைச் சொல்கிறேன். மேலே சொன்ன வழிகாட்டியின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் 27 கிராம். ஐந்து லிட்டர் டின்னில் ஏறத்தாழ 4,550 கிராம் இருக்கும். நால்வர் வீட்டில் அது 42 நாள் வர வேண்டும். பிரிக்கும் தேதியை மார்க்கர் பேனாவால் டின்மேல் எழுதத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் 26 நாளில் தீர்ந்தது, ஆளுக்கு 44 கிராம். டீக்குச் சர்க்கரை, இரவுச் சோறு என்று வேறு சிலவும் மாறின. என் எடை இப்போது 76-க்கும் 78-க்கும் இடையில் ஆடுகிறது. டின் சென்ற முறை 37 நாள் வந்தது. தீபாவளி மாதத்தில் 22 நாளில் காலியாகி, தேதியை அழித்துவிட்டு என் மனைவி அதில் அரிசி மாவு கொட்டி வைத்திருந்தார்.